அம்மாவின் மூன்று நாட்கள்

எங்கள் வீட்டில் பிரஷர் என்றால் அது அப்பாவுடையதுதான். அவருக்கு மட்டும் உப்பில்லாத குழம்பு தனிச்சட்டியில் கொதிக்கும். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அவர் பின்னாலேயே நடப்பாள். அம்மாவுக்கு லோ பிரஷர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது கரும்புக் கொல்லையில் மயங்கி விழுந்தவளுக்கு ஒரு டாக்டர் சொன்னது அது. அன்றிலிருந்து அவளுக்குத் தலை சுற்றினால் மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் குடிக்கவைப்போம்.

மாதாமாதம் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கும் பெண் அம்மாவையும் கூப்பிடுவாள். "எனக்கு லோ பிரஷரும்மா, அவருக்குப் பாரு" என்று அம்மா டீ போடப் போய்விடுவாள். ஐம்பதைத் தாண்டியும் அதே பதில்தான்.

போன தை மாதம் அவளுக்கு வாய் கோணிக்கொண்டது. தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்பாவுக்கு ஒருநாளும் ஏறாத அளவுக்கு அம்மாவுக்குப் பிரஷர் ஏறியிருந்தது. "அதுக்கு லோ பிரஷருங்க" என்று அப்பா சண்டைக்கே போய்விட்டார். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"மாதவிடாய் நிக்கிற வரைக்கும் பொம்பளைங்க ரத்தக்குழாய காப்பாத்துற சுரப்பு உடம்புல இருக்கும். நின்னப்புறம் அது கொறஞ்சிடும். லோ பிரஷரா இருந்தவங்களுக்கே ஆம்பளைங்கள விட ஜாஸ்தியா ஏறலாம். இவங்களுக்கு எப்ப நின்னுச்சு?"

"இன்னும் நிக்கலைங்களே. போன மாசங்கூட மூணு நாளு தூரமா இருந்துச்சு."

அப்பா சொன்னதற்கு நானும் தலையாட்டினேன். வீட்டுக்குத் தூரம் என்று மாதத்தில் மூன்று நாள் அம்மா அடுப்படிப் பக்கம் வரமாட்டாள். சித்தி வந்து சமைப்பாள். அம்மா பின்கட்டில் பாயை விரித்துப் படுத்திருப்பாள். இந்தக் காலத்தில் என்ன தூரம் என்று அவளிடம் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

மற்றவர்கள் வெளியே போனதும் அம்மா என் விரலைப் பிடித்தாள். பேச்சு குழறியது. திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் புரிந்தது.

"அது நின்னு நாலஞ்சு வருசம் ஆவுதுடி."

"அப்புறம் எதுக்கும்மா ஒதுங்கிப் படுத்துக்கினு இருந்தே?"

"தல ஒரே வலி. சும்மா படுத்தா இன்னா, ஏதுன்னு கேப்பாங்க. தூரம்னா யாரும் கேக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலமே அம்மா போய்விட்டாள். அப்பாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. தலை வலிக்கிறது என்று படுத்துக்கொள்ள, அவள் வீட்டிலேயே அவளுக்கு ஒரு பொய் வேண்டியிருந்திருக்கிறது.