சிலுவைக்குக் கீழே நோன்பு அட்டவணை

நேற்று ஊசி போட்ட தாதி என் கையில் தேய்த்த ஸ்பிரிட்டின் வாடை, நோர்வூட் கடைத்தெருவுக்கு மேலே தேயிலைக்கு நடுவில் இருந்த மிஷன் டிஸ்பென்சரிக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே ஒரு விடுதியின் கார்கள் நிற்கின்றன. அன்றைக்குத் தகரக் கூரை, சுவரில் சிலுவை, அதன் கீழே பள்ளிவாசலில் கொடுத்த நோன்பு நேர அட்டவணை. அதை ஒட்டியவர் அங்கே மருந்து கொடுத்த கன்னியாஸ்திரி, செலின் சிஸ்டர். எடுக்கச் சொன்னவர்களுக்கு முன்னாலேயே அதன் மூலையில் இன்னும் கொஞ்சம் பசை தடவினார்.

உம்மாவுக்குக் காசநோய். மாத்திரையைத் தன் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும் என்பது சிஸ்டரின் சட்டம்.

"நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லன்னு ஒங்க மௌலவியே சொல்றாருங்களே?"

"சொல்லட்டும் சிஸ்டர். நான் நோன்ப விட மாட்டேன்."

"நானும் மாத்திரைய விட மாட்டேன்."

நான்கு மணிக்குப் பூட்டும் கதவு அந்த நோன்பு மாதம் முழுவதும் அந்தியில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் வரை திறந்தே கிடந்தது. நான் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு ஏறிப் போகும்போது இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பனிமூட்டத்துக்குள்ளிருந்து வரப்போகும் பாங்குக்காகக் காத்திருப்பார்கள்; பேரீச்சம்பழம், தண்ணீர், மாத்திரை, அதற்குப் பிறகுதான் கஞ்சி, சிஸ்டருக்கும் ஒரு கோப்பை.

உம்மாவுக்குச் சுகமாகிவிட்டது. அடுத்த வருட நோன்பில் அவரே கஞ்சியோடு மேலே ஏறினார். பெஞ்சில் புதிதாக ஒரு பெண், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

உம்மா சிஸ்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"முழுங்கு புள்ள. நாங்க ரெண்டு பேரும் பாக்காம எழும்ப மாட்டோம்."