நாலு பேப்பரிலும் வந்த கைது

ஜூலை எட்டு, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். தெருமுனையில் லாரி வந்ததும் தண்ணீர் பிடித்தேன். பால்கனி கிரில்லைத் துடைத்தேன். துணியில் வழக்கம்போல நிலக்கரிக் கறுப்பு. திருவொற்றியூரில் வீட்டுக்கு எந்தச் சாயம் பூசினாலும் ஆறே மாதத்தில் துறைமுகம் தன் சாயத்தைப் பூசிவிடும். இவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். புதிதாக வாங்கிய மிளகாய்த்தூளை டப்பாவில் கொட்டித் தேதி ஒட்டினேன். உப்பு டப்பாவுக்கும் நான் தேதி ஒட்டுவதுண்டு. "உப்புக்கு வயசாச்சுன்னா சொல்லு, பென்ஷன் வாங்கிக் குடுக்கலாம்" என்பார் இவர். இப்படிப்பட்டவள்தான் நான். எதையும் நேர்கோட்டில் அடுக்கி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதனால் நான் சொல்வதில் கூடுதல் குறைச்சல் இருக்காது என்று நீங்கள் நம்பலாம்.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தேன். ஏரியா வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்திருந்தது. முந்தின நாள் கொருக்குப்பேட்டையில் ஒரு கட்சிக் கூட்டத்தில் கைகலப்பு, ஒருவருக்குக் கத்திக்குத்து. பின்னணியில் தடதடவென்று இசை. 'முக்கியக் குற்றவாளி கைது' என்று சிவப்பு எழுத்து துடித்துக்கொண்டிருந்தது. அதன்கீழே போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கோடு போட்ட சட்டை. காலில் செருப்பு.

செருப்பைப் பார்த்ததும் படத்தை நிறுத்திவிட்டேன். கைதானவனைச் செருப்போடு யாரும் பெஞ்சில் உட்கார வைப்பதில்லை. தரையில்தான் உட்கார வைப்பார்கள், அதுவும் பெரும்பாலும் சட்டை இல்லாமல். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், சொல்லத்தான் போகிறேன். பெஞ்சைப் பார்த்த அந்த நொடியில் எனக்கு ஃபேக்ஸ் ரோலின் வாசனை வந்தது. சூடான மெழுகில் மருந்து கலந்த மாதிரி ஒரு வாசனை; இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

இருபத்திரண்டு வயதில் நான் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு டெலிஃபோன் பூத்தில் வேலை பார்த்தேன். எஸ்.டி.டி., ஜெராக்ஸ், ஃபேக்ஸ் மூன்றும் உண்டு. முதலாளி அண்ணாச்சி கல்லாவைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். சாயங்காலமானால் நாலு நிருபர்கள் வருவார்கள். நாலு பேப்பருக்கு நாலு பேர், ஆனால் எழுதுவது ஒருவர்தான். அவர் சம்பத் சார். மற்றவர்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பவர் ஹமீது பாய். அவருடைய பேப்பர்தான் இருந்ததில் சிறியது, டீக்குக் காசு கொடுப்பதில் மட்டும் அவர் பெரியவர்.

அவர்கள் வேலை செய்யும் விதம் இப்படி. ஏழு மணிக்குச் சம்பத் சார் பூத்திலிருந்து ஸ்டேஷனுக்குப் ஃபோன் போடுவார். "ஏட்டய்யா, இன்னிக்கு யாரு உக்காந்துகினு கீறாங்க?" மறுமுனையில் ஏட்டு யார் பெயரைச் சொல்கிறாரோ அவர் கைது. சம்பத் சார் எழுதுவார், நான் மூன்று ஜெராக்ஸ் எடுப்பேன், மற்ற மூவரும் முதல் வரியை மட்டும் மாற்றுவார்கள், பிறகு நாலையும் நாலு ஆபீசுக்கும் அனுப்புவேன். முதல் வரி மாறிவிட்டால் அது சொந்தச் செய்தி.

தப்பு வராமல் இருக்குமா? எண்ணூரில் எரிந்த குடிசை மணலியில் எரிந்ததாக வரும். உயிரோடு இருந்த ஒரு முன்னாள் கவுன்சிலரை 'மறைந்த' என்று எழுதிவிட, அவர் மனைவி தாலியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூத்துக்கு வந்து கத்தினார். எந்தக் கூட்டம் நடந்தாலும் 'ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்'. அதைப் படித்துவிட்டுச் சேர் கண்ணன் வந்து நிற்பார்.

கண்ணன் எங்கள் பின்தெருக்காரர். எல்லாக் கட்சிக்கும் சேர், மைக் செட், பந்தல் வாடகைக்கு விடுபவர். பூத்துக்கு இரண்டு கடை தள்ளி அவருடைய குடோன். "சாரே, நான் போட்டது அறுபது சேரு. மீதிப் பேரு எங்க குந்தினாங்க, ஒருத்தன் மடியில ஒருத்தனா?" என்பார். சம்பத் சாரும் சிரித்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் ஒரு கட்சியின் உட்கட்சித் தேர்தல் நடந்தது. கட்சிப் பெயர் வேண்டாம், எதைப் போட்டாலும் பொருந்தும். இரண்டு கோஷ்டி. ஓட்டை எண்ணும்போது முதலில் சோடா பாட்டில் பறந்தது, பிறகு கண்ணனின் சேர்கள் பறந்தன, பிறகு பட்டாக்கத்தி வெளியே வந்தது. வட்டச் செயலாளர் சேகரின் கழுத்தோரத்தில் ஒரு வெட்டு, தோளில் ஒரு வெட்டு. வெட்டியவர்கள் ஓடினார்கள். சேகரின் ஆட்களும் ஓடினார்கள். சேர்களை எடுக்க வந்திருந்த கண்ணன் மட்டும் நின்றார். மேடை மேசை விரிப்பை உருவிக் கழுத்தில் அடைத்து, நினைவு தப்பிக் கிடந்த சேகரைத் தன் டெம்போவில் போட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டெம்போ முழுக்க ரத்தம் என்பதால் போலீஸ் அதை நிறுத்தி வைத்துக்கொண்டது. நடந்ததை எழுதி வாங்கக் கண்ணனை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஏழு மணிக்குச் சம்பத் சார் ஃபோன் போட்டார். "சேர் கண்ணன் உக்காந்துகினு கீறான்" என்றார் ஏட்டு.

அவ்வளவுதான். 'எதிர்க்கோஷ்டியைச் சேர்ந்த கண்ணன் (35) கைது செய்யப்பட்டார்.' கைதானவன் ஏதாவது ஒரு கோஷ்டியில் இருந்தாக வேண்டும் அல்லவா, அதனால் எதிர்க்கோஷ்டி. அன்று எனக்கு விடுமுறை, அண்ணாச்சியின் மச்சான்தான் அனுப்பினான். நான் இருந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன், படித்துப் பார்த்தா அனுப்பினோம்?

திங்கட்கிழமை காலை கண்ணன் நாலு பேப்பரையும் எடுத்துக்கொண்டு பூத்துக்கு வந்தார். "தங்கச்சி, இன்னா இது? நான்தான் அவனத் தூக்கினு போனேன். சேகரு தம்பி தேவா காலைல என் வூட்டு வாசல்ல பைக்க நிறுத்தி முறைச்சிக்கினு போறான்."

தேவா தெருவில் சொல்லிக்கொண்டு போனதை நானும் கேட்டிருந்தேன். "நேத்து கைதானவன் இன்னிக்கு வூட்ல குந்திக்கினு டீ குடிக்கிறான். எவ்ளோ பெரிய கை பின்னாடி இருந்தா வெளிய வருவான்!" கண்ணன் வீட்டில் இருந்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மண்டபத்திலிருந்து ஓடிப்போன ஆட்களும் வாயைத் திறக்கவில்லை. கண்ணன் வெட்டினான் என்றால், தாங்கள் ஓடியதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். பேப்பரில் வந்தது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

நான் சம்பத் சார் வீட்டுக்குப் ஃபோன் போட்டேன். நாலு பேரும் வந்தார்கள். சம்பத் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மறுப்புப் போட வேண்டும் என்று தன் ஆபீசுக்கு என் மேசையிலிருந்தே பேசினார். அங்கிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது: "மத்த மூணு பேப்பர்லயும் அப்படித்தானேய்யா வந்திருக்கு? அப்புறம் நமக்கு என்ன மறுப்பு?" ஹமீது பாய் தன் ஆபீசுக்குப் பேசினார். அதே பதில். மற்ற இருவருக்கும் அதே பதில். ஒரே ஆள் எழுதிய ஒரே தப்பு, நாலு பேப்பரில் வந்ததால் நாலு சாட்சியாக நின்றது.

"ரெண்டு நாளு வெளியூர் போய்டு நைனா, ஆறிப்பூடும்" என்றார் சம்பத் சார்.

"நான் எதுக்கு சார் ஓடணும்? ஓடினா நான்தான் வெட்டினேன்னு ஆயிடும்" என்றார் கண்ணன். பிறகு குடோனுக்குப் போய் உடைந்த சேர்களைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார்.

மதியச் சாப்பாடு முடிந்து தெரு அசந்திருந்த நேரம். இரண்டு பைக்கும் ஒரு ஆட்டோவும் குடோன் வாசலில் நின்றன. கடைகளின் ஷட்டர்கள் வரிசையாக இறங்கும் சத்தம் முதலில் கேட்டது. நான் பூத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று போலீஸுக்குப் ஃபோன் சுழற்றிக்கொண்டிருந்தேன். கண்ணன் ஒரு நீலச் சேரின் கால்களைப் பிடித்துக் கேடயம்போல முன்னால் நீட்டினார். தேவாவின் முதல் வெட்டில் சேரின் முதுகு பிளந்தது. இரண்டாவதில் இடது கை விரல்கள் போயின. பிளந்த பிளாஸ்டிக் வழியாகக் கத்தி உள்ளே வந்துகொண்டே இருந்தது.

"டேய், நான்தாண்டா உங்க அண்ணன தூக்கினேன்! அவனையே கேளுடா!"

"பேப்பர்ல போட்டுக்கீதுடா! நாலு பேப்பர்லயும் போட்டுக்கீது!" ஒவ்வொரு வெட்டுக்கும் தேவா இதையே கத்தினான்.

அவர்கள் போன பிறகு தெருவில் ஆள் சேர்ந்தது. யாரும் கிட்டே வரவில்லை. "தூக்கினவனுக்கு இன்னா ஆச்சுன்னு பாத்தியா? போலீஸ் வரட்டும்" என்று ஒருவர் இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்தார். கண்ணனின் மனைவி மல்லிகா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். அவளும் நானும், டீ குடிக்க வந்த ஹமீது பாயும் சேர்ந்து, மைக் செட் ஏற்றும் தள்ளுவண்டியில் கண்ணனைப் போட்டு, மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு ஓடினோம். ஒரு மீன் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

சாயங்காலம் எழுதி வாங்க எங்களை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். ஹமீது பாயும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே தரையில், ஏதோ திருட்டு வழக்கில் பிடிபட்ட இருவர் சட்டையில்லாமல், செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் தாவணியில் ரத்தம் காய்ந்து மொடமொடத்தது. சரியாக ஏழு மணிக்கு ஏட்டின் மேசையில் ஃபோன் அடித்தது.

"இன்னிக்கா? ஒரு பாயும் ஒரு பொண்ணும் உக்காந்துகினு கீறாங்க" என்றார் ஏட்டு.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து போய் ரிசீவரைப் பிடுங்கினேன். "சார், நான் பூத்துப் பொண்ணு பேசறேன்."

"நீ இன்னாம்மா அங்க?"

"உக்காந்துகினு கீறேன் சார். எழுதிக்கோங்க. பொண்ணு, வயசு இருபத்திரண்டு, கைது."

சம்பத் சார் எங்கள் பூத்திலிருந்துதான் பேசினார். அண்ணாச்சி யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது. அவரிடம் பேனா கேட்டு வாங்கிக்கொண்டு, "சொல்லும்மா, எழுதிக்கிறேன்" என்றார். கண்ணன் கைதாகவில்லை, சேகரைக் காப்பாற்றியவர் அவர்தான் என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவரும் அப்படியேதான் எழுதினார். அந்தத் தாளைப் பிறகு பார்த்தேன். ஆனால் நாலு ஆபீசிலும் இருந்தவர்கள் அன்று காலைப் பேப்பரைப் புரட்டிப் பார்த்து, அதன்படி திருத்தியிருக்கிறார்கள். மறுநாள் நாலு பேப்பரிலும் 'வெட்டு வழக்கில் கைதாகி வெளியே வந்தவருக்குச் சரமாரி வெட்டு' என்று வந்தது.

கண்ணன் பிழைத்தார். இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. சேகருக்கு நினைவு திரும்பியதும், அரைமயக்கத்தில் டெம்போவில் பார்த்த முகத்தைச் சொல்லி, அந்த ஆள் எங்கே என்று முதலில் கேட்டாராம். ஆளுக்கொரு கட்டோடு இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். சேகர் அழுதது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. வெட்டு இல்லாத செய்திக்கு இடம் ஏது? தேவா ஜெயிலுக்குப் போனான். கண்ணன் மிச்சச் சேர்களை விற்றுவிட்டு மாதவரம் பக்கம் போய், பால் பூத் வைத்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை ஃபோனில் பேசிக்கொள்வோம்.

அந்தப் பூத் இருந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் கவர் விற்கிறார்கள். ஃபேக்ஸ் மெஷினை எடைக்குப் போட்டதை நானே பார்த்தேன். சம்பத் சாரும் ஹமீது பாயும் இல்லை, நாலு பேப்பரில் இரண்டு நின்றுவிட்டன. ஸ்டேஷனுக்கு யாரும் ஃபோன் போடுவதில்லை, படம் தானாகவே வந்துவிடுகிறது. முதல் வரியை மாற்றும் சிரமம்கூட யாருக்கும் இல்லை. சம்பத் சாரை நான் மன்னித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்வேன். அன்று தப்பாக வந்தால் பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கத்துவதற்கு ஒரு கடை இருந்தது. கூப்பிட்டால் முகம் வெளுத்து வந்து நிற்க ஒரு ஆள் இருந்தார். இந்த வீடியோவைப் போட்டவர் யார், எந்தத் தெருக்காரர்? குழுவில் நூறு பேர் கைமாற்றிவிட்டிருந்தார்கள். போட்டவரின் முகவரி யாருக்கும் தெரியவில்லை. பெஞ்சில் இருந்தவருடைய பெயர், தெரு, கதவு எண் எல்லாம் அதில் இருந்தன.

மத்தியானம் கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் நாத்தனாரிடம் விசாரித்தேன். பெஞ்சில் இருந்தவர் பெயர் முருகன், பெயின்டர். கலாட்டாவில் தன் பைக்கை நொறுக்கிவிட்டார்கள் என்று புகார் கொடுக்கப் போனவராம். ராத்திரியே வீடு திரும்பிவிட்டாராம். "எப்படி அதுக்குள்ள வுட்டாங்கன்னு இங்க ஒரே பேச்சு" என்றாள் நாத்தனார். மாதவரத்துக்குப் ஃபோன் போட்டேன்.

முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணன், "வூடு எங்கன்னு தெரியுமா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் புதன்கிழமை. தண்ணீர் பிடிக்கவில்லை, கிரில்லைத் துடைக்கவில்லை. முதல் வேலையாக, கண்ணனும் நானும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தத் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டினோம். உள்ளே பேச்சு நின்றது. யாரோ கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். கண்ணன் ஜன்னலுக்குப் போய், விரல் இல்லாத கையைக் கம்பி மேல் வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"முருகா, நீ பண்லன்னு எங்களுக்குத் தெரியும். கதவத் தொற."