ராஜினாமாவை நம்பியவள்

அன்று காலை தண்ணீர் லாரிக்கு முன்னால் என் குடத்தை எட்டி உதைத்தவள் மட்டும் மறுபடி என் கையில் கிடைத்திருந்தால், இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். அவள் கிடைக்கவில்லை. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, முக்கால் குடம் தண்ணீரோடு, வாய்க்கு வந்ததையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். "ஏட்டி, யாரைத் திட்டுத?" என்று கேட்ட என் வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

தொண்ணூறுகள் முடிகிற நேரம். புனேயில் ஹடப்சரைத் தாண்டி, புதிதாக நகரத்தோடு சேர்த்த ஒரு கிராமத்தில் எங்கள் பில்டிங். வரி நகரத்து வரி, தண்ணீர் மட்டும் பழைய கிராமத்துத் தண்ணீர். பில்டிங்குக்குப் பின்னாலேயே கால்வாய் தளதளவென்று ஓடும். அதைத் தொடக்கூடாது, அது கீழே இருக்கிற தாலுகாக்களின் கரும்புக்குப் போகிற தண்ணீர். நகரத்துக்காரர்கள், அணையில் இருப்பது எங்களுக்கே காணாது என்றார்கள். கீழ்த் தாலுகாக்காரர்கள், கால்வாயில் ஒரு சொட்டு குறைந்தாலும் நடுரோட்டில் உட்காருவோம் என்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள் குடத்தோடு நின்றோம். காவிரிச் சண்டையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். அது போதாதென்று ஆயிரம் மைல் தள்ளி வந்தும் அதே சண்டை!

எங்கள் வார்டு மெம்பரை எல்லாரும் 'பாவூ' என்பார்கள். மராத்தியில் அண்ணன் என்று அர்த்தம். குள்ளமான ஆள், வெள்ளை ஜிப்பா, தொண்டையில் மைக்கை முழுங்கியவர் மாதிரி குரல். அன்று லாரி வரிசையில் பெண்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். லாரியின் படியில் ஏறி நின்று கையை வீசினார்.

"குழாய் வராத ஊருக்கு மெம்பர் எதுக்கு? இன்னைக்கே இந்தப் பதவியைத் தூக்கி எறியறேன்! பாருங்க!"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "போன வருஷமும் எறிஞ்சீங்களே பாவூ, திரும்பி வந்துருச்சா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு மனுஷன் எங்களுக்காகப் பதவியை விடுகிறான், இதுகள் பல்லைக் காட்டுகிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மார்க்கெட் ஓரத்தில் எனக்கு ஒரு பெட்டிக்கடை அளவுக்கு டைப்பிங் கடை இருந்தது. இங்கிலீஷ் மெஷின் ஒன்று, மராத்தி மெஷின் ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ஊரில் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். புனே வந்த பிறகு மராத்தி டைப்பிங்கும் படித்து முதல் வகுப்பில் தேறினேன். அந்தப் பரீட்சை ஹாலில் நான் ஒருத்திதான் தமிழச்சி, சும்மா சொல்லக்கூடாது!

கடை திறந்து கொஞ்ச நேரத்தில் பாவூவே வந்துவிட்டார். கூடவே அவருடைய அக்கா மகன், கையில் மூன்று பக்கம் கிறுக்கலோடு. நாங்கள் பேசியது பாதி மராத்தி, பாதி ஹிந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"வஹினி, சூடா அடிச்சுக் கொடுங்க. பன்னிரண்டு மணிக்கு ஊர்வலம் கிளம்புது" என்றார். வஹினி என்றால் அண்ணி. எனக்குத் தலைகால் புரியவில்லை. சரித்திரமே என் கடைக்குள் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கடிதம் கட்சித் தலைவருக்கு. மூன்று பக்கமும் வறட்சி, தாய்மார்களின் கண்ணீர், தண்ணீரையெல்லாம் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும் மேற்குப் பக்கத்து மெம்பர்களின் சூழ்ச்சி. கடைசியில், 'என் பதவியை உங்கள் காலடியில் வைக்கிறேன்.' அதற்குக் கீழே, 'நகல்: மாநகராட்சி கமிஷனர்.' அவர் டீ குடிக்கப் போனார். நான் அடித்தேன். பொய் சொல்லவில்லை, அழுதுகொண்டே அடித்தேன். முழங்கால் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணீரில் என் கண்ணீரும் ஒன்று, இல்லையா?

முடித்ததும்தான் கை நின்றது. கமிஷனருக்குப் போகிற நகல் அப்படியே மொட்டையாகவா போகும்? நான் வேலை பார்த்த இடத்தில் மேல்கடிதம் இல்லாமல் ஒரு காகிதம் வாசல் தாண்டாது. அவர்தான் இன்றைக்கே எறிகிறேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டாரே! கமிஷனர் பேருக்கு ஒரே ஒரு வரி அடித்தேன்: 'இன்று முதல் என் உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்கிறேன், காரணங்கள் இணைப்பில்.' மூன்று பக்கத்துக்கு மேலே வைத்துக் குத்தினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தேன்.

பாவூ வந்தார். புள்ளி கண்ட இடத்திலெல்லாம் சரக் சரக்கென்று கையெழுத்துப் போட்டார், ஒரு வரி படிக்கவில்லை. அக்கா மகனிடம் நான், "கமிஷனர் கவரை ஆபீஸ்ல கொடுத்து முத்திரை வாங்காம திரும்பாதீங்க" என்று வேறு சொல்லி அனுப்பினேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்!

மத்தியானம் ஊர்வலம் போனது. தமுக்கு, கோஷம், காலிக் குடங்கள். நான் கடை வாசலில் நின்று கை வலிக்கத் தட்டினேன்.

நாலு மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்ற வேகத்தில் என் கடைத் தகரம் அதிர்ந்தது. பாவூவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க வஹினி? பதவி போச்சு!"

"ஆமா, நீங்கதானே விட்டீங்க?"

"ஐயோ, தலைவருக்குக் கடுதாசி கொடுத்தா அவர் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவார், குழாய்க்கு ஒரு வழி பண்ணுவார், நான் திருப்பி வாங்கிக்குவேன். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க! கமிஷனருக்கு வெறும் நகல் போனா ஒண்ணும் ஆகாது, அவர் பேருக்கே ராஜினாமான்னு எழுதிக் கொடுத்தா அந்த நிமிஷமே நாற்காலி காலி. அக்கா பையன் முத்திரை வேற வாங்கிட்டு வந்திருக்கான்!"

அவர் ஜிப்பாப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். வக்கீல் எழுதிக் கொடுத்தது. டைப் செய்தவளின் தவறால் இந்தக் கடிதம் போய்விட்டது, மெம்பருக்கு அப்படி எண்ணமே இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கடிதம் செல்லாது என்று வாதாடிப் பதவியைக் காப்பாற்றிவிடலாமாம்.

"போடுங்க வஹினி. இந்தக் கடைக்கு இடம் வாங்கிக் கொடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. பேனாவைக் கையில் எடுத்தேன். நிஜமாகவே எடுத்தேன். போட்டுவிட்டுப் போனால் என்ன, கடையாவது மிஞ்சுமே என்று நினைத்தேன். ஆனால் அந்த வரியைப் படித்ததும், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் மொத்தமும் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"தப்புன்னு எழுதச் சொல்றீங்களே, எது தப்பு? இன்னைக்கே எறியறேன்னு லாரி மேல நின்னு சொன்னது நீங்க. நூறு பேர் சிரிச்சாங்க. நான் ஒருத்திதான் நம்பினேன். உங்களை நம்பினது தப்புன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன் பாவூ. கடையை எடுத்துக்கோங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நிஜமாவே நம்பினீங்களா?"

"நம்பினேன். அழுதுக்கிட்டே அடிச்சேன், போதுமா?"

அதற்குள் வெளியே ஆள் கூடிவிட்டது. பாவூ நிஜமாகவே போட்டுவிட்டாராம் என்று காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. காலையில் கிண்டல் பண்ணியவளே முன்னால் நின்று, "பாவூ, நிஜமா?" என்று கேட்டாள். அவர் எழுந்தார். வக்கீல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "போட்டுட்டேன்!" என்று கத்தினார். அடேயப்பா, அந்தச் சத்தம்! அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டைச் சுற்றினார்கள். நானும் கடையைத் திறந்துபோட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

அதற்குப் பிறகு நடந்தது மாயம்தான். மாநகராட்சியில் அவர்கள் கட்சி இரண்டு மூன்று நாற்காலி வித்தியாசத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று போனதும் மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் உதறல் எடுத்துவிட்டது. இடைத்தேர்தல் வருகிறது, வார்டை விட்டுவிடக்கூடாது. பத்து நாளில் எங்கள் தெருவில் மஞ்சள் மெஷின் வந்து பள்ளம் தோண்டியது. குழாய் குழாயாக லாரியில் வந்து இறங்கியது. நாங்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டுப் பள்ளத்தின் ஓரத்திலேயே நின்றோம். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறத்தில் காறித் துப்பியது, பிறகு பளிங்காக வந்தது. நான் புடவையோடு குழாய்க்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். "ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அவரும் தலையை நீட்டினார்.

கட்சி சும்மா விடுமா? சொல்லாமல் ராஜினாமா செய்தவருக்கு டிக்கெட் இல்லை என்று வேறு ஆளை நிறுத்தியது. வால்வைத் திறந்து வைத்து மாலை போட்டுக்கொண்டதும் அந்தப் புது ஆள்தான். பாவூ சுயேச்சையாக நின்றார். நான் விடவில்லை. நாலு மாடியும் ஏறி இறங்கினேன். தமிழ் வீடுகளில், "இந்தக் குழாயில தண்ணி வருதுன்னா அது யாரால? மறந்துடாதீங்க, ஆமா!" என்று சண்டை போடாத குறை. அவருடைய நோட்டீஸ் எல்லாம் ஓசியில் அடித்துக் கொடுத்தேன். தொண்டை கட்டிப்போய்விட்டது.

ஓட்டுப் போடுகிற நாள் காலையில் தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ரேஷன் கார்டோடு முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கூடவே எங்கள் பில்டிங் தமிழ்ப் பட்டாளம். வாசலில் மேஜை போட்டிருந்தவர்கள் பட்டியலைப் புரட்டினார்கள். திருப்பிப் புரட்டினார்கள். என் பெயர் இல்லை. என் வீட்டுக்காரர் பெயர் இல்லை. எங்களில் ஒருவர் பெயரும் இல்லை. பதினொரு வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறோம். கேஸ் கனெக்ஷன் மாற்றினோம், ரேஷன் கார்டு மாற்றினோம், பிள்ளைகளை மராத்தி படிக்க வைத்தோம். ஓட்டு சொந்த ஊரில் இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஊரிலும் ஒரு தடவைகூடப் போய்ப் போட்டதில்லை.

பாவூ தோற்றுப்போனார். கொஞ்ச ஓட்டில்தான்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். கோபம் இல்லை. அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கணக்கே புரியலை வஹினி. உங்க பில்டிங் மொத்தமும் எனக்குன்னு நெனச்சிருந்தேன். யார் போடலைன்னு தெரியுமா?"

மெஷினின் மேலே இருந்த துணியைச் சும்மா மடித்தேன், பிரித்தேன். கடைசியில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"நான் போடலை பாவூ."