இரண்டு முறை நடந்த ஒரு கிலோமீட்டர்

போன வருடம், ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்தது இது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். செங்கம் சாலையில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலை ஏழு மணிக்குத் திறக்க வேண்டும். சாவி என்னிடம். சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வாசலில் நிற்பார்கள். ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போயிருந்தேன். "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வரவே வேணாம்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான்.

நான் ஓட்டும் வண்டி என் கணவருடையது. வட்டமான ஹெட்லைட், நீளமான சீட், பளபளக்கும் சைலன்சர் என்று பார்வைக்கு அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள். எஞ்சின் சின்னது, உள்ளே எல்லாம் புதுசு. உதைத்துக் கிளப்பும் கிக்கர்கூடக் கிடையாது, பட்டன்தான். பல வருடம் ஆசைப்பட்டு வாங்கினார். நான்கு மாதம்கூட ஓட்டவில்லை, பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வித்துவிடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. வித்தால், இனி நீ எழுந்து ஓட்டப்போவதில்லை என்று அவரிடம் என் வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் நாற்பத்தொரு வயதில் கிளட்சும் கியரும் கற்றுக்கொண்டேன். ஆசையாக ஒன்றும் இல்லை. சில நாள் அந்த வண்டியைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூச்சுற்றுவது அவர் வழக்கம். கை விழுந்த பிறகும் அதை விடவில்லை. அந்தப் பௌர்ணமியன்றும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, இடது கையால் மட்டும், ஹேண்டில்பாரில் சாமந்திச் சரத்தை அரைமணி நேரம் சுற்றினார். நான் உதவிக்குப் போகவில்லை. சமைத்து, அவரைக் குளிப்பாட்டி, துணி துவைத்த களைப்பில் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறேகாலுக்குக் கிளம்பினேன். கிரிவலம் வருகிறவர்களின் கடைசிக் கூட்டம் இன்னும் எதிரே வந்துகொண்டிருந்தது. வருண லிங்கம் அருகே ஒருவர் குறுக்கே வர, பிரேக் பிடித்து நின்றேன். அவிழ்ந்து கையில் இடறிய பூச்சரத்தை அவசரமாக இழுத்து உள்ளே செருகினேன். எஞ்சின் நின்றுவிட்டது. பட்டனை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். பேட்டரி போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த நேரத்தில் ஆட்டோவும் கண்ணில் படவில்லை.

தள்ள ஆரம்பித்தேன். எல்லோரும் மலையை வலமாகச் சுற்றி வர, நான் மட்டும் எதிர்த்திசையில். ஐம்பது அடிக்குள் இடுப்பு விட்டுப்போனது. அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

"வண்டி நின்னு போச்சாம்மா?"

மஞ்சள் பையும் வெறுங்காலுமாக ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். விந்தி விந்தி நடந்து வந்தார். பதில் சொல்வதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போய்க் கை வைத்துவிட்டார்.

"வேணாங்க, நீங்க அந்தப் பக்கம் போறவங்க. திரும்ப நடக்கணுமே."

"நடந்தா போச்சு. நீ ஹேண்டிலைப் பிடி."

சூரிய லிங்கம் பக்கத்து டீக்கடை வரை ஒரு கிலோமீட்டராவது இருக்கும். இருவரும் தள்ளினோம். வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. முன்னால் பார்த்தபடி பேசியதால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

டீக்கடையில் நின்ற பால்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். வலது கைப்பிடியில் இருந்த பூவை விலக்கினார். அடியில் எஞ்சினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்ச். "ஆஃப்ல இருக்குதுங்க" என்று தட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினார். வண்டி உடனே கிளம்பியது. பூவை உள்ளே செருகியபோது என் விரலே அதை அணைத்திருக்கிறது.

கடையில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவல, அது போதும்" என்றார்.

"ஏறுங்கம்மா, நின்ன இடத்துலயே கொண்டு போய் விட்டுடறேன்."

"வண்டில போனா சுத்தினதா ஆவுமா? ஆளுங்க பசியோட நிக்கிறாங்கன்னியே, கிளம்பு."

எழுந்து, வந்த வழியே மறுபடி விந்தியபடி நடந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

நிலையத்துக்குப் போய்ச் சேர ஏழே கால் ஆகிவிட்டது. வாசலில் காத்திருந்த பெரியவர், "ஒரு வாய் காபி கூடக் குடிக்கல" என்று சத்தம் போட்டார். முதலாளி போன் செய்தபோது பொய் சொல்லத் தோன்றவில்லை. ஸ்விட்ச் ஆஃபில் இருந்தது தெரியாமல் தள்ளிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "நாளைக்கு நேரத்துக்கு வாங்க" என்று வைத்துவிட்டார்.

கணவரிடம் பூவைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு, "ஹெட்லைட்டுக்குச் சுத்துங்களேன், அழகா இருக்கும்" என்று சொல்லி, சரத்தின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

களைப்பு இன்னும் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் என்னுடைய ஒரு தவறுக்காக ஒருவர் புண்ணான காலோடு இரண்டு முறை நடந்த அந்த ஒரு கிலோமீட்டரில் மட்டும், எவ்வளவு அவசரமானாலும், வண்டியை மெதுவாக்கி, யாராவது தள்ளிக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே போகிறேன்.