பத்தியம் முடிந்த நாள்

மாமா சைக்கிளில் ஏறுவதை நிறுத்தியதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. அவர் அம்மாவின் தம்பி. துடியலூரில் எங்கள் வீட்டிலேயே தங்கி, பம்புசெட் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருந்தார். என்னை முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் வரை பறப்பவர், அந்த வருஷம் தைக்குப் பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். கேட்டால், "நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க அம்மணி" என்று சிரிப்பார்.

வெளிக்குப் போகையில் ரத்தம் வருகிறது என்று அம்மாவிடம் அவர் எப்போது சொன்னாரோ, தெரியாது. "நாளெல்லாம் இரும்போட நின்னா சூடு ஏறாம என்ன பண்ணும்? மூலச்சூடுதான்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வெள்ளகோவில் பக்கத்து வைத்தியர் ஒருவரிடமிருந்து மருந்து வந்தது. கூடவே பத்தியமும் வந்தது. மிளகாய் கூடாது, கோழி கூடாது. நித்தம் துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் வேண்டும். தம்பிக்கு மட்டும் தனியாகச் சமைக்க மனசு வராமல் அம்மா வீட்டையே பத்தியத்தில் இறக்கிவிட்டாள். மூலம் என்றால் என்னவென்றே தெரியாத நானும் நாக்கு அரிக்க அரிக்கக் கிழங்கு தின்றேன். அப்பாவுக்கு மட்டும் கோயமுத்தூரில் அடிக்கடி வேலை வந்தது. திரும்பி வரும்போது சட்டையில் குருமா வாசம் வீசும்.

நடுவில் ரத்தம் நின்றது. அம்மா வைத்தியருக்கு வேட்டி துண்டு வாங்கி அனுப்பினாள். மாமாவுக்குப் பெண் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். ஆனால் ஆடியில் ரத்தம் மறுபடி வந்தது. மாமாவின் காக்கிக் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. அப்பா பிடிவாதமாக அவரை இங்கிலீஷ் டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன். திரைக்குப் பின்னால் போய்ப் படுக்கச் சொன்னார் டாக்டர். மாமாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அதெல்லாம் வேண்டாமுங்க. மாத்திரை மட்டும் குடுத்துப்போடுங்க."

"பாக்காம எப்படிப்பா குடுக்கறது?"

"வெறும் மூலந்தானுங்க."

வெளியே வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு ஊட்டுக்காரங்க காதுக்குப் போச்சுன்னா என்னாகும் மச்சான்? கல்யாணம் முடியட்டுமுங்க, நானே வந்து காட்டறேன்."

அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

ஐப்பசி மழையில் ஒருநாள், வயிறு உப்பி, வாந்தியெடுத்துப் பட்டறையிலேயே விழுந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த அப்பா, சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "மூலமில்லியாம். குடல்ல கட்டியாம். மொதல்லயே காட்டியிருந்தா வெட்டியெடுத்திருக்கலாமாம்."

மூலமில்லை என்பது மட்டும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

வயிற்றில் பெரிய துணிக்கட்டோடு மாமா வீடு திரும்பிய அன்று, அம்மா வரமிளகாய் வறுத்து அரைத்துக் கோழிக்குழம்பு வைத்தாள். வாசம் தெருவரைக்கும் போனது.

"மாமாவுக்குப் பத்தியமில்லீங்களாப்பா?" என்றேன்.

"இனி ஒண்ணுமில்ல கண்ணு. ஆசப்பட்டதெல்லாம் குடுங்கன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு."

நான் தெருவுக்கு ஓடினேன். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், "எங்க மாமாவுக்கு நல்லாயிருச்சுங்க்கா! இனிமே என்ன வேணும்னாலும் தின்னலாமாம்!" என்று கத்தினேன்.

"ஆரு கண்ணு சொன்னாங்க?"

"டாக்டரே சொன்னாருங்க."

இத்தனை நல்ல சேதியைக் கேட்ட அக்கா, எதற்காகக் குடத்தை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் அம்மாவைத் தேடி ஓடினாள் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.