நல்லதும் சொல்லமாட்டாள் ராஜாமணி

கடலூர் முதுநகரில் ராஜாமணிக்கு ஊர் வைத்த பேர் ‘கல்லுளிமங்கன்’. பொம்பளை ஆச்சே என்றுகூடப் பார்க்கவில்லை. அறுபத்து நாலாம் வருஷம் அவள் ஒரு தர்மச் சங்கத்தில் சமூகசேவகியாக இருந்தாள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு ‘பெருவியாதி’ என்று சொல்லும் தொழுநோய்தான் அவள் வேலை. தேமல் கண்டவர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்து, புதன்கிழமை டாக்டரிடம் காட்டி, வெள்ளை மாத்திரையைப் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலே அங்கே வியாதி என்று அர்த்தமாகிவிடும் அல்லவா? அதனால் ஒரு தெருவுக்குப் போனால் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்குவாள். “தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடுங்க” என்பதுதான் சாக்கு. தெரு முடிவதற்குள் வயிறு தளும்பும். “இந்தம்மா வயித்துல என்ன, கெடிலம் ஆறா ஓடுது?” என்று பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், யார் வீட்டுக்கு மாத்திரை போகிறது என்று தெரியாதவரை சரி என்று அவளும் சிரிப்பாள்.

இந்த வைராக்கியம் சும்மா வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிதம்பரத்தில் தங்கிக் கீரப்பாளையம் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தாள். நம் பக்கத்தில் சம்பந்தம் பேசுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். வீடு வீடாகப் போகிறவளை விடுவார்களா? ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டார்கள். “தங்கமான பொண்ணு, மேல ஒரு தேமல்கூடக் கெடையாது” என்று வாய் நிறையச் சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். பிற்பாடு தங்கம்மாள் என்ற பெண்ணைப் பற்றி வேறொரு வீட்டார் கேட்டார்கள். தங்கம்மாள் மாத்திரை சாப்பிடுகிறவள். ராஜாமணி வாயை மூடிக்கொண்டாள். தீர்ந்தது! அவளுக்குத் திறந்த வாய் இவளுக்கு ஏன் திறக்கவில்லை என்று ஊர் கணக்குப் போட்டுவிட்டது. நிச்சயம் நின்றது. அவமானத்தில் தங்கம்மாள் மாத்திரைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். ஒரு வார்த்தை பேசாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டோமே என்று ராஜாமணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்று முதல் யாரைப் பற்றியும் கெட்டது மட்டுமல்ல, நல்லதும் சொல்வதில்லை.

ஆனால் அவளும் மனுஷிதானே? ஊரார் துக்கத்தை எல்லாம் வயிற்றில் போட்டுப் பூட்டியதில் சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று. டாக்டர் தேவசகாயம் ஒருநாள் அதட்டினார். “நீயே படுத்துட்டா அவுங்கள யாரு பாக்குறது? ஞாயித்துக்கெழம வேலைய நெனைக்கவே கூடாது. போயி வாய் வலிக்கப் பேசு.” எதைப் பேசுவது? மேட்னி சினிமாவுக்குப் போய்க் கதாநாயகிக்காக விக்கி விக்கி அழுதுவிட்டு வந்து, அந்தக் கதையைப் பக்கத்து வீட்டாரைப் பிடித்து உட்கார வைத்து ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். வெளியில் சொல்லக்கூடிய கதை அது ஒன்றுதானே! தூக்கம் திரும்பி வந்தது.

இப்படி இருக்கையில்தான் சலீமா பீவி வந்து சேர்ந்தார். முதுநகரில் கையும் வாயும் பெரிய மனுஷி. தன் மகன் முஹம்மது இஸ்மாயிலுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் ஆரிபா என்ற பெண்ணைப் பேசியிருந்தார். ஆரிபாவுக்கு முதுகில் தேமல். ‘பரவுகிற ரகமில்லை, மாத்திரையில் தீரும்’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது ராஜாமணிக்குத் தெரியும், ஆரிபாவின் அம்மா மலிகாவுக்குத் தெரியும். மலிகா முந்திக்கொண்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அல்லாவுக்காக ஒரு வார்த்த, ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லிடும்மா. எம்பொண்ணு வாழ்க்க உன் நாக்குல இருக்கு.”

“இல்லன்னும் சொல்லமாட்டேங்க, இருக்குன்னும் சொல்லமாட்டேன்” என்றாள் ராஜாமணி. மலிகா மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் போனார்.

சலீமா பீவி தன் வீட்டுக்கே கூப்பிட்டு அனுப்பினார். பிரியாணியை வைத்துக்கொண்டு ஆரிபாவைப் பற்றிக் கேட்டார். பிறகு சங்கத்துத் தலைவரிடம் சொல்லி வேலையைப் போக்கிவிடுவேன் என்று மிரட்டினார். ராஜாமணி அசையவில்லை.

“பாயம்மா, நாளைக்கு உங்களப் பத்தி ஒருத்தர் வந்து கேட்டாலும் நான் இப்படித்தான் நிப்பேன்.”

சலீமா பீவியின் முகம் மாறிவிட்டது. எழுந்து போய்க் கதவைத் தாழ்போட்டார். ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார். முழங்கைக்கு மேல் வெளுத்த தேமல். “அடுப்புல சுட்டாக்கூடத் தெரியல. வெளியில சொன்னா மவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? இதுக்கு மாத்திர இருக்கா?” என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அடக் கடவுளே! இதற்காகவா இத்தனை ஆழம் பார்த்தார்?

இருக்கிறது என்றாள் ராஜாமணி. மாத்திரைக்கு வழி பண்ணினாள். ஆனால் அவள் பாடு இப்போதுதான் திண்டாட்டம். மறுநாள் மேல்பட்டாம்பாக்கத்துத் தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீர் குடித்து ஆரிபாவிடம் போனாள்.

“நான் சொல்லமாட்டேன். ஆனா நீ மறைச்சிட்டுப் போனா காலம் பூரா பயந்துக்கிட்டே இருக்கணும். சொல்ல உரிமையுள்ள வாய் உன்னோடதுதான்” என்றாள்.

“சொன்னா சம்பந்தம் நின்னுடுமாக்கா?”

பதில் நாக்கு நுனியில் துடித்தது. ‘நிற்காது, பயப்படாதே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் சிரிப்பாள். ஆனால் அது சலீமா பீவியின் ரகசியம். ராஜாமணி பல்லைக் கடித்துக்கொண்டாள். “எது நடந்தாலும் நான் உங்கூட நிப்பேன். அது மட்டும் சத்தியம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சிரிப்புப் படத்துக்குப் போயும் ஓவென்று அழுதாள்.

பெண் பார்க்க வரும் நாள் வந்தது, போயிற்று. ஒரு தகவலும் இல்லை. நின்றுவிட்டது போலிருக்கிறது என்று ராஜாமணி முடிவுகட்டிவிட்டாள்.

புதன்கிழமை. மாத்திரைக்கு வருகிறவர்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்து முனையிலேயே இறங்கிப் பதுங்கி வருவார்கள். அன்று ஒரு ஜட்கா வண்டி சங்கத்து வாசலிலேயே வந்து நின்றது. சலீமா பீவி இறங்கினார். பின்னால் ஆரிபா, அவள் பின்னால் மலிகா.

“அடி பாவி மவளே!” என்று சலீமா பீவி ராஜாமணியைக் கட்டிக்கொண்டார். “அந்தப் பொண்ணு பெத்தவள ஓரமாத் தள்ளிட்டு எம்முன்னால நின்னு, ‘மாமி, எனக்கு முதுகுல இருக்கு’ன்னுச்சு. நான் என் கையக் காட்டுனேன். ரெண்டு பேரும் அழுதோம், அப்புறம் சிரிச்சோம் பாரு! மவங்கிட்டயும் சொல்லியாச்சு. ‘உன் கையால தின்னு வளந்தவன், எனக்கென்னம்மா பயம்’னுட்டான். ரெண்டு பேரு கதையும் தெரிஞ்சி வெச்சிக்கிட்டு நீ எப்படிடி சும்மா இருந்த?”

ராஜாமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். “பாயம்மா, நீங்க எங்க இங்க?”

“எனக்கு வியாதி, மாத்திர வாங்க வந்தேன்! நீயும் தேமல் கீமல் இருந்தா வா. இங்க சொன்னா வெளிய போவாது” என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார் சலீமா பீவி.

“அப்ப கூட வந்த பொண்ணுக்கு?”

சலீமா பீவி வாயைத் திறந்தார். ராஜாமணியை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். “அத நான் சொல்லக்கூடாது” என்றார்.

ஆரிபா முக்காட்டைச் சற்றே விலக்கி, தலை நிமிர்ந்து, “எனக்கும்தான்” என்றாள்.