ஐஸ் வைத்தவன்

ஆட்டக்காரர்களுக்கு ஐஸ் வைப்பவன் டிரெய்னருக்கும் ஐஸ் வைத்தாக வேண்டும். இந்தத் தொழிலில் பாதி அதுதான். தோஹாவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது, கால்பந்து அணியின் டிரெய்னர் ஹிஷாமுக்கு மாணவ உதவியாளனாக இருந்தேன். பிசியோதெரபி மேற்படிப்புக்கு நோயாளிகளோடு பழகிய அனுபவமும் அவருடைய பரிந்துரைக் கடிதமும் வேண்டும். ஒரு கடிதத்துக்காக ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வருஷத்தை ஓட்டியவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

அனுபவம்

முதல் நான்கு மாத மருத்துவ அனுபவம்: பாட்டில்களில் தண்ணீர் பிடிப்பது, ஐஸ் அள்ளுவது, ஈரத் துண்டுகளைப் பொறுக்குவது. அம்மா மட்டும், "டீமுக்கே இவன்தான் வைத்தியம் பார்க்கிறான்" என்று எல்லோரிடமும் சொல்லிவந்தாள். நான் திருத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நஜ்மா கடைத்தெருவில் அம்மாவும் நானும் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் கோல்கீப்பர் எதிர்ப்பட்டான். அவனுக்கு என் பெயர் தெரியாது. தெருவைத் தாண்டி ஓடிவந்து என் தோளில் கைபோட்டுக் கேட்டான்: "ஹே, வாட்டர்! இது உன் மம்மியா?"

வலது, இடது

கணுக்காலுக்கு டேப் சுற்ற ஒருநாள் அனுமதி கிடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரன் பிலால் கராச்சிக்காரன். மடிப்பு விழாமல் சுற்றினேன். விண்ணப்பத்துக்கு உதவுமே என்று போட்டோ வேறு எடுத்தேன். நான்காவது போட்டோ வரை பிலால் பொறுமையாக இருந்தான். பிறகு மற்றக் காலை நீட்டினான்.

"அச்சா கட்டு, பாய். வலி இதுல."

சரளம்

விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகள் என்ற இடத்தில், தமிழுக்கு நேரே 'சரளம்' என்று எழுதியிருந்தேன். சாப்பிட, குளிக்க, திட்டு வாங்கத் தேவையான தமிழ் என்னிடம் இருந்தது. அதற்கு மேல் எல்லாம் இங்கிலீஷ். இதைத் தமிழில் எழுதுமளவுக்குக் கற்றது பிறகுதான்.

மைதானத்தைப் பராமரித்த செல்லத்துரை அண்ணன் அறந்தாங்கிப் பக்கம், கான்ட்ராக்ட் ஆள். ஹிஷாம் ஜோர்டான்காரர். இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன். புல்லுக்கு எப்போது தண்ணீர், கோல் வலையில் எங்கே கிழிசல் என்பதெல்லாம் என் வழியாகத்தான் போகும். எப்படிப் போகிறது என்று அண்ணனிடமே ஒருநாள் கேட்டேன்.

"தம்பி பேசுறதுல பாதி புரியுது. மீதிக்குத் தலையாட்டிருவேன்."

ஐஸ்

செப்டம்பர் வெயில். கோல் போஸ்டை நகர்த்தும்போது அண்ணனுக்குக் கால் பிசகிவிட்டது. டிரெய்னர் இல்லாமல் நான் யாருக்கும் எதுவும் செய்யக் கூடாது. அன்று ஹிஷாம் ஒரு மீட்டிங்கில் இருந்தார். அண்ணனை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, டாக்டர் போலவே கணுக்காலை அமுக்கிப் பார்த்தேன். இருபது நிமிஷம்தான் வைக்கலாம், நடுவில் ஈரத்துணி போட வேண்டும். துணியை மறந்தேன். ஐஸ் பையை வெறும் தோலில் வைத்து, பிளாஸ்டிக் சுருளால் இறுகச் சுற்றினேன்.

கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். "வலி எப்படிண்ணே?"

"மரத்துப்போச்சு தம்பி."

மரத்துப்போவது என்ற சொல் என்னிடம் இல்லை. என்னிடம் இருந்த சொல்தான் காதில் விழுந்தது: மறந்துபோச்சு. வலியையே மறந்துவிட்டாராம். "அவ்வளவு சீக்கிரமாவா!" என்று சிரித்தேன். அவரும் தலையாட்டிச் சிரித்தார். நல்லது என்று அப்படியே விட்டு, அணிக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். திரும்பிவர ஒரு மணி நேரம் ஆனது. பிரித்தபோது தோல் வெளிறி, மெழுகு போல விறைத்திருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று நான்தான் சத்தம் போட்டேன்.

"கட்டை மாதிரி மரத்துப்போச்சுன்னேனே. நீங்க சிரிச்சீங்க, சரி, அப்படித்தான் இருக்கும்போலன்னு இருந்துட்டேன்."

மொழிபெயர்ப்பு

மறுநாள் கணுக்காலில் கொப்புளங்கள். சேஃப்டி ஷூ போட முடியாமல் செருப்போடு வந்தவரைச் சூப்பர்வைசர் நேரே ஹிஷாமிடம் அழைத்துவந்துவிட்டார். ஹிஷாம் குனிந்து பார்த்தார். இது ஐஸ் சுட்ட புண் என்று அவருக்கு உடனே தெரிந்தது.

"யார் வைத்தது? கேள்" என்றார் என்னிடம்.

நான்தான் என்று சொல்ல மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை. சொன்னால் அன்றோடு வேலை போகும், கடிதமும் போகும். நான் அண்ணன் பக்கம் திரும்பி, "யாரு வச்சதுன்னு கேக்குறாருண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

அவர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"மறந்துபோச்சுன்னு சொல்லுங்க தம்பி."

கல்லூரிக் காலத்தில் நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். எனக்குக் கடிதம் கிடைத்ததும் அதனால்தான்.